மன உறுதிக்கு என்ன குறைச்சல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ‘ஏழே நாளில் 5 கிலோ’ என்ற எடை குறைப்புக் குறிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அட்டையிலேயே போட்டிருந்தீர்கள். குறிப்பைக்கூட மன்னித்துவிடலாம். கடைசியில், “இதைச் செய்தும் பலன் இல்லை என்றால் குறை உங்கள் மன உறுதியில்தான்” என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காய்கறிச் சாறும் வெந்நீரும்தான் என்றீர்கள். அதைத் தவிர வாயில் எதையும் போடவில்லை. தலைவலி, எரிச்சல், வீட்டில் யார் பேசினாலும் சண்டை. எடை குறைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கியதும் போன எடை அப்படியே திரும்பிவிட்டது. இதில் மன உறுதி எங்கே குறைந்தது?

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் தாங்களாக முன்வந்து ஆய்வுக்காக மாதக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கும் இதே எரிச்சல், இதே சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அவர்களிடமும் உங்கள் வரியைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

எங்கள் மருத்துவர் விளக்கிய பிறகுதான் கணக்கே புரிந்தது. உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். பட்டினி கிடந்தால் முதலில் காலியாவது அதுதான். சாப்பிட்டதும் தண்ணீரோடு திரும்பி வந்துவிடும். கொழுப்பு அப்படிப் போகாது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஐந்து கிலோவுக்கு 38,500. ஏழால் வகுத்தால் நாளுக்கு 5,500. சாதாரணமாக ஒருவர் நாள் முழுக்கச் செலவழிப்பதே 2,000 சொச்சம்தான். ஒரு பருக்கை கூடச் சாப்பிடாவிட்டாலும் கணக்கு உதைக்கிறது. இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. அட்டைக்கு அவசரம், பாவம்.

இது முதல் தடவையும் இல்லை. தொப்பையை மட்டும் குறைக்கும் பயிற்சி என்று ஒரு தொடரே போட்டீர்கள். வயிற்றுப் பயிற்சியால் தசை வலுவாகும். கொழுப்பு அங்கே மட்டும் பார்த்துக் கரையாது. அப்போதே கடிதம் போட்டேன், வரவில்லை. “இதழ் பிரமாதம்” என்று எழுதுபவர்களுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. உணவுக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே மெலிய வைக்கும் பவுடர் விளம்பரம், புரட்டினால் இனிப்புச் சிறப்பிதழ். எதைத்தான் நம்புவது?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் அக்காவும் உங்கள் பக்கத்தைப் பார்த்துத் தொடங்கினாள். அவள் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சே குழறிவிட்டது. பக்கத்தில் ஆள் இருந்ததால் தப்பித்தாள். அவளுடைய மன உறுதியைப் பற்றியும் அடுத்த இதழில் இரண்டு வார்த்தை எழுதிவிடுங்கள்.

வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ என்று அவர்கள் சொல்வது அதனாலும்தான். ‘மெதுவாக அரை கிலோ’ என்று அட்டையில் போட்டால் விற்காது, சரி, புரிகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படிக் குறிப்பு போடும்போது எழுதியவர் பெயரையும் அவருடைய படிப்பையும் போடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். மன உறுதி வரிக்கு ஒரு சிறு வருத்தம், அட்டையில் வேண்டாம், உள்ளே ஏதாவது மூலையில் போட்டால் போதும். சந்தா புதுப்பிக்கச் சொல்லி அனுப்பிய படிவம் வந்து சேர்ந்தது. அடுத்த இதழைப் பார்த்துவிட்டு நிரப்புகிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி