மாமா விமானத்தை விட்டு விலகவில்லை

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தினருக்கு,

வணக்கம். நினைவு மலரின் மாதிரிப் பக்கங்கள் வாட்சாப்பில் வந்தன. தொப்பியும் டையுமாக மாமாவின் படம். கீழே, 'நம் தோட்டத்தின் முதல் விமானி. நோயின் காரணமாக விமானத் துறையை விட்டு விலகினார்' என்று போட்டிருக்கிறீர்கள். முதல் வரி சரி. இரண்டாவது வரி தவறு. அச்சுக்குப் போவதற்குள் திருத்திவிடுங்கள். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மாமா விமானம் ஓட்டியது 9 ஆண்டு. விமானத்தைப் பழுதுபார்த்தது 28 ஆண்டு. 1974-ல் இங்கே ரயிலேறி, கோலாலம்பூர் அருகே சுபாங் விமான நிலையத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். பொறியாளர் உரிமம் எடுத்த பிறகுதான், 1984-ல், விமானியானார். 1993-ல் இனிப்புநீர் நோய்க்கு இன்சுலின் போட வேண்டிய நிலை. விமானிக்கான மருத்துவச் சான்று போய்விட்டது. அன்று வீட்டில் எல்லாரும் அழுதோம். மாமா மட்டும் பழைய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினார். திரும்பப் பயிற்சி, திரும்பத் தேர்வு, திரும்ப விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கர். 2011-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அந்த வேலை என்ன என்று மலர்க்குழுவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பழுதுபார்த்த விமானம், உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போடாமல் கிளம்ப முடியாது. ஒருநாள் இரவு வேலை முடிந்து கருவிகளை எண்ணியபோது, விரல்நுனி அளவு ஸ்க்ரூடிரைவர் முனை ஒன்று குறைந்தது. பெட்டிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே பஞ்சில் பள்ளம் வெட்டியிருக்கும்; ஒரு பள்ளம் காலி. இன்ஜினுக்குள் விழுந்திருந்தால்? மூடிய தகடுகளை மறுபடி திறந்து, டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்கள். விடியும் நேரத்தில், கூட வேலை செய்த பையனின் ஓவரால் மடிப்பில் கிடைத்தது. அதுவரை மாமா பேனாவைத் தொடவில்லை.

இந்தக் கை எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய பாட்டியிடமிருந்து. பால்மரத்தின் பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் வராது. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்தான். பாட்டி அதை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் வெட்டினார். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்கு டார்க் ரென்ச் இருக்கிறது; ஆனாலும் கைக்கு முதலில் தெரிய வேண்டும் என்பார் மாமா, அதை அம்மாவிடம் கற்றேன் என்பார்.

'முதல் விமானி' என்று மட்டும் படிக்கும் பிள்ளைகள் விமானியாக ஆசைப்படுவார்கள், சரி. அந்தப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் மலேசிய வெள்ளி வேண்டுமே! கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும் பிள்ளைக்கு விமானத்திற்குள் நுழைய இன்னொரு கதவு இருக்கிறது என்று யார் சொல்வது? இன்ஜினும் உடல்பகுதியும் பார்க்க பி1 உரிமம், மின்னணுக் கருவிகளுக்குப் பி2. இதை மலரில் எழுதுங்கள். ஆண்டுவிழாவுக்கும் மாமாவையே கூப்பிடுங்கள். பொன்னாடையும் மேடையும் வேண்டாம். ஒரு மேசை, நல்ல வெளிச்சம், சுற்றி நிற்க ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் போதும். கருவிப்பெட்டியை அவரே கொண்டு வருவார்.

இத்துடன் வேறொரு படம் அனுப்புகிறேன். எண்ணெய்க் கறை படிந்த ஓவராலோடு, இன்ஜின் வாயருகில் நிற்கிறார். அதைப் போடுங்கள்.

அன்புடன்,
அவருடைய தங்கை மகள்