ஆண்டறிக்கை 2024–25: கடைத்தெருவில் ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, துணைக்கு வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். உதவித்தொகை, அடையாள அட்டை, ஸ்கூட்டர் மனு என்று எப்போதும் செய்கிற வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், இந்த வருடம் கடைக்குப் போவதைக் கையில் எடுப்போம் என்றோம். அன்று பாதிப் பேர் சிரித்தார்கள். "கடைக்குப் போறதெல்லாம் ஒரு கோரிக்கையாப்பா?" என்று கேட்டவர் பெயரைச் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார். தீபாவளிக்கு எங்களோடு தி.நகர் வந்து, தானே தேர்ந்தெடுத்து எடுத்த சட்டையைத்தான் இன்று போட்டிருக்கிறார்.

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. நவம்பர் கடைசியில் கூட வேண்டிய கூட்டம் ஃபெஞ்சல் புயலால் தள்ளிப்போனது. புதிதாக ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கூட இருந்த ஒருவர் பிப்ரவரியில் காலமானார். கூட்டத் தொடக்கத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, கடைக்கு வருவோம்.

ஜூன் மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் கடைகள் திறக்கும் முன்பே அங்குல டேப்பும் நோட்டுமாகக் கிளம்பினோம். பனகல் பார்க்கிலிருந்து தியாகராய சாலை, அப்புறம் உஸ்மான் சாலையும் அதன் கிளைத் தெருக்களும், கடைசியாக நாம் தினமும் பால் வாங்குகிற நம் பேட்டைக் கடைகள். எங்கே படி, எத்தனை படி, எத்தனை அங்குலம் என்று எழுதிக்கொண்டு வந்ததில் ஒன்று புரிந்தது. இந்த ஊரில் படி என்பது பெரும்பாலும் தண்ணீருக்குப் பயந்து கட்டியது. மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று ஒரு படி வைக்கிறார்கள். சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போடப் போட ரோடு உயர்கிறது. கடைக்காரர் இன்னொரு படி வைக்கிறார். நடுவில் மழைநீர் வடிகாலின் சிமெண்ட் மூடி வேறு, அது தன் பங்குக்கு ஒரு மேடு. ஆக, ரோட்டிலிருந்து வடிகால் மூடி, அதிலிருந்து முதல் படி, அங்கிருந்து வாசல் என்று நமக்கு மூன்று ஏற்றம். கடைக்காரர் நம்மைத் தடுக்க நினைத்துக் கட்டியதில்லை. 2015 வெள்ளத்தில் சரக்கு நனைந்தவரிடம் போய்ப் படியை இடியுங்கள் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை.

அடுத்தது கணக்கு. படிக்குப் பதில் வீல்சேர் ஏறுகிற சாய்தளத்துக்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கிற சரிவு 1:12. ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்றென்றால் ஆறடி. இரண்டு படி என்றால் பன்னிரண்டு அடி. கடை வாசலிலிருந்து பன்னிரண்டு அடி அளந்தால் பல தெருக்களில் டேப் ரோட்டுக்கு நடுவில் போய் நிற்கிறது. சிமெண்டில் கட்டினால் நாளைக்கே ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள். இடம் போதவில்லை என்று நாலடியில் செங்குத்தாகக் கட்டியவர்களும் உண்டு. அதில் ஏறப்போய் முன்சக்கரம் தூக்கி, பின்னால் சாயப் பார்த்த நம் உறுப்பினரைப் பிடித்தது ஒரு பூக்காரம்மா. அப்படி ஒரு சரிவைக் கட்டி, பக்கத்தில் நீலநிற வீல்சேர் படம் ஒட்டி வைப்பதைவிடப் படியை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். செயற்குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை.

அதனால்தான் மடக்குச் சாய்தளம் வாங்குவது என்று முடிவானது. அலுமினியம், விரித்தால் ஆறடி, மடக்கினால் பெட்டி மாதிரி கையில் தூக்கலாம். ஒரு படிக்குக் கச்சிதம். இரண்டு படி என்றால் சரிவு கூடிவிடும். பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். நன்கொடை தந்த குடும்பத்துக்கு நன்றி. ஆடித் தள்ளுபடிக்குப் போய்ப் பார்த்தோம், கூட்டத்தில் அதை விரிக்கவே இடமில்லை. 2023இல் திறந்த ஆகாய நடைபாதை வழியே மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் சொகுசாகப் போகலாம், லிஃப்ட் இருக்கிறது. ஆனால் ஆடி மாத ஞாயிறு சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் இறங்கினால், நமக்கு எதிரே வருவதெல்லாம் துணிப்பைகளும் இடுப்புகளும்தான். அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டோம். தவறு எங்களுடையது, நேரம் பார்த்துப் போயிருக்க வேண்டும்.

தீபாவளிக்குப் பாடம் கற்றுக்கொண்டோம். அக்டோபர் முதல் வாரம், புதன்கிழமை, காலை பத்தரை. பதினொரு பேர், அதில் ஆறு வீல்சேர். முதலில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. வாசலில் நான்கு படி. எங்களைப் பார்த்ததும் செக்யூரிட்டி உள்ளே திரும்பி, "நாலு பேர் வாங்கப்பா, தூக்கணும்" என்று குரல் கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் நம் துணைத்தலைவர் அக்கா கையை நீட்டி, "என்னைத் தூக்கினா நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். தூக்குகிறவர்களுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியாது. கைப்பிடி கழன்று வரும், கால் பலகை கழன்று வரும், அக்கம்பக்கத்தில் ஒருவர் போனில் படம் எடுப்பார். நமக்குத் தெரிந்த கதைதான்.

அப்போதுதான் ஒரு பையன், "பின்னாடி சரக்கு ஏத்துற வழி இருக்கு சார்" என்றான். போய்ப் பார்த்தால் அருமையான சரிவு! மூட்டை வண்டி ஏறி இறங்கி வழவழப்பாகிக் கிடந்தது. பக்கத்திலேயே சரக்கு லிஃப்ட், இரண்டு வீல்சேர் சேர்ந்தாற்போல் நிற்கலாம். எத்தனையோ வருடமாக அந்தக் கடைக்கு நமக்கு வழி இருந்திருக்கிறது. அது பின்னால் இருந்ததும், நாம் கேட்காததும்தான் விஷயம். கட்டுக் கட்டாகப் புடவைகளோடு அக்கா மேலே போனார். பட்டுப்பிரிவில் இன்னொரு ஆச்சரியம். வெள்ளைத் துணி விரித்த தாழ்வான மேடையில் உட்கார்ந்து விற்பனையாளர் புடவை பிரித்துப் போடுகிற பழைய முறை அங்கே இன்னும் இருக்கிறது. அந்த மேடையின் உயரமும் வீல்சேரில் உட்கார்ந்தவரின் மடி உயரமும் ஒன்று. முந்தானை நேராக அக்கா மடியில் வந்து விழுந்தது. பதினோரு வருடமாக மகள் போனில் காட்டுகிற படத்தைப் பார்த்துப் புடவை எடுத்தவர், அன்று நாற்பது புடவையாவது பிரிக்கச் சொல்லியிருப்பார். ஜரிகையைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்துவிடுவதுபோல் வண்டியைத் திருப்பவும் செய்தார். விற்பனையாளர் பதறிப்போய் இன்னும் பத்து எடுத்துப் போட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. மற்றவர்கள் பசியில் முணுமுணுத்தார்கள், அதையும் பதிவு செய்கிறேன்.

ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாமே என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் பதிலாகச் சொல்வேன்.

எல்லாக் கடையிலும் அப்படி அமையவில்லை. இன்னொரு கடையில் நம் கல்லூரி மாணவர் பேண்ட் எடுத்தார். டிரையல் ரூம் கதவு 22 அங்குலம், அவர் வண்டி 25. போட்டுப் பார்க்காமல் வாங்கிப்போய், இடுப்பு பத்தாமல், இரண்டு பஸ் ஏறி வந்து மாற்றினார். ஒரு வணிக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை, கைப்பிடி எல்லாம் சரியாக, விதிப்படி கட்டியிருந்தது. பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். திறந்தபோது உள்ளே மாப்பும் அட்டைப்பெட்டிகளும். பெட்டிகளை எடுத்து வெளியே வைத்த அந்தத் துப்புரவுப் பணியாளர் அம்மா எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அவரில்லை.

இங்கேதான் சங்கத்துக்குள் சச்சரவு வந்தது. இளைஞர்கள் புகார் கொடுக்கலாம், வழக்குப் போடலாம் என்றார்கள். நான் பேசிப் பார்ப்போம் கட்சி. ஒரு கடை மேலாளரிடம் பேசப் போனபோது அவர், "இந்தச் சட்டமெல்லாம் கவர்மெண்ட் ஆபீசுக்குத்தானே சார்" என்றார். அன்று முதல் நானும் கொஞ்சம் மாறிவிட்டேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம்; வணிகம் நடக்கிற இடமும் அதில் அடக்கம். ஏற்கெனவே உள்ள கட்டடங்களைச் சரிசெய்ய 45ஆம் பிரிவு விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. புதுக் கட்டடம் என்றால் வரைபட அனுமதியே கிடைக்கக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. 2024 நவம்பர் 8 அன்று, பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 விதிகளின் 15(1)ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கே முரண் என்றது. சட்டம் "செய்தே ஆக வேண்டும்" என்கிறது, விதியோ "இப்படிச் செய்யலாம்" என்று வழிகாட்டுவதோடு நின்றுவிடுகிறது என்பது சாரம். கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து விதி வகுக்க அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஐந்து பிரதி எடுத்துப்போங்கள். 89ஆம் பிரிவுப்படி முதல் மீறலுக்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரைதான். அக்கா எடுத்த புடவை விலை அதைவிட ஜாஸ்தி. அடுத்தடுத்த மீறலுக்கு ஐம்பதாயிரத்தில் தொடங்கி ஐந்து லட்சம் வரை போகும் என்பதை மேலாளர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

போக்குவரத்துக்கும் இரண்டு வரி. 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை விட்டபின் பஸ்ஸில் கடைக்குப் போவது என்ற பேச்சே நம்மிடையே புதிதாக வந்திருக்கிறது. பஸ் ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கிறது, நடத்துநர் பலகையைத் திறந்து போடுகிறார். நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோக்களும் பைக்குகளும்தான் பஸ்ஸை ஓரத்துக்கு வரவிடுவதில்லை. நடைபாதையில் பைக் ஏறாமலிருக்க நடுகிற கம்பங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டராவது விடுங்கள் என்று மனு கொடுத்தோம். பதிவு எண் வந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் நம் பேட்டை மளிகைக்கடையில் நடந்தது. ஒற்றைப் படி, ஆறரை அங்குலம். எங்கள் மடக்குச் சாய்தளத்தை ஒரு மாதம் அங்கேயே விட்டுவைத்தோம், யாராவது கேட்டால் மட்டும் விரிக்கச் சொல்லி. எடுக்கப் போனபோது அண்ணாச்சி, "இருக்கட்டும் தம்பி, தண்ணி கேன் பையனுக்கு ரொம்ப சவுகரியமா இருக்கு" என்றார். வாக்கர் வைத்து நடக்கிற எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் வருகிறாராம். கடைசியில் அண்ணாச்சியே வெல்டிங் பட்டறையில் சொல்லி, வழுக்காத இரும்புத் தகட்டில் கீல் வைத்து, ராத்திரி தூக்கிச் சாத்திவிடுவதுபோல் ஒன்று செய்துகொண்டார். செலவு அவருடையது. நாங்கள் அளவு மட்டும் சொன்னோம். அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரரும் அளவு கேட்டிருக்கிறார்.

அதனால் வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் யோசனை இது. பெரிய கடைகளுக்குச் சட்ட நகலோடு கடிதம், பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார்; இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேட்டைக் கடைகளுக்கு அண்ணாச்சி மாதிரித் தகடு, நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரு வேலை: மாதம் ஒருமுறையாவது நீங்களே கடைக்குப் போங்கள், பணத்தை நீங்களே எண்ணிக் கொடுங்கள். பில் போடும் மேசை கைக்கு எட்டவில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. மடக்குச் சாய்தளம் பொங்கலுக்கு முன் ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போனது, அவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கிறது, இப்போது எங்கே இருக்கிறது என்று பதிவேட்டில் இல்லை. வைத்திருப்பவர் இந்த வாரத்துக்குள் என் வீட்டில் சேர்த்துவிடவும். ஓரத்து ரப்பர் தேய்ந்துவிட்டது, மழைக்கு முன் மாற்ற வேண்டும்.

வணக்கத்துடன்,
செயலாளர்