போர்த்தப்பட்டவரைக் காணவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில், மட்டக்களப்பில் நடந்த மூத்தோர் கௌரவிப்பு விழாச் செய்தியைப் பார்த்தேன். கூத்து அண்ணாவியார், விஷகடி வைத்தியர், கவிஞர் எல்லாருக்கும் பெயர், ஊர், வயது சகிதம் இடம் கொடுத்திருந்தீர்கள். சந்தோசம். கடைசி வரி மட்டும் இப்படி முடிந்திருந்தது: "முத்திரை சேகரிக்கும் முதியவர் ஒருவரும் கௌரவிக்கப்பட்டார்." மேலே படம். அதில் பிரதம அதிதியின் பல் முழுவதும் தெரிகிறது, பொன்னாடையின் சரிகை தெரிகிறது. போர்த்தப்பட்டவரைக் காணவில்லை. தோளில் பாதி மட்டும் வந்திருக்கிறது. அந்தப் பாதித் தோளுக்குரியவர் எங்கள் மாஸ்டர். அவரைப் பல காலமாக அறிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முத்திரை சேகரிப்பு என்றதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளிப்படமும் பூப்படமும் ஒட்டி வைக்கும் அல்பம்தான் தங்கள் நிருபருக்கு ஞாபகம் வந்திருக்கும். மாஸ்டரிடம் அப்படி ஓர் அல்பம் கிடையாது. அவர் வைத்திருப்பது பாவித்த கடித உறைகள். முத்திரை வடிவா இல்லையா என்று அவர் பார்ப்பதில்லை. அதன் மேல் விழுந்த சீல் எந்தத் தபால் கந்தோருடையது, என்ன திகதி, உறையின் பின்பக்கம் எந்த எந்தக் கந்தோர்கள் சீல் குத்தியிருக்கின்றன, கட்டணம் போதாமல் தண்டம் அறவிட்டார்களா என்றுதான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்ப்பார். இது தபால் வரலாறு. ஆசிரியராகிய உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஓர் உறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. அதற்கு முதல் நாள் அக்கரைப்பற்றில் பதிவுத் தபாலாகக் கொடுத்த கடிதம் அது. பின்பக்கத்தில் மட்டக்களப்புச் சீல் டிசம்பரில்தான் விழுந்திருக்கிறது. உறை நனைந்து நீல மை கரைந்து, பெறுபவரின் பெயரில் பாதி போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான், தபால்காரராகத்தான் இருக்க வேண்டும், மிஞ்சிய எழுத்தின் மேல் பென்சிலால் எழுதி, ஒழுங்கையின் பெயரையும் ஓரத்தில் குறித்து, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சூறாவளியில் விழுந்த தென்னைகளைப் பற்றி எழுத இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். மறுகா எப்போது தபால் ஓடத் தொடங்கியது என்பதை இந்த உறையிடம்தான் கேட்க வேண்டும்.

அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1961 இல். அதற்குப் பிறகும் அம்பாறைப் பக்கத்துக் கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் எழுதியவர்கள் விலாசத்தின் கடைசியில் மட்டக்களப்பு என்றே போட்டிருக்கிறார்கள். மாஸ்டர் அந்த உறைகளைத் திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். வர்த்தமானி ஒரே நாளில் செய்த காரியத்தைச் செய்யச் சனத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று அதைப் பார்த்தாலே விளங்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கடிதங்களையும் அப்படியே பிரித்து வைத்திருக்கிறார். 2014 இல் மண்முனைப் பாலம் வருமுன், துறையடியில் வள்ளத்துக்குக் காத்துக் கிடந்தவர்களோடு கடிதங்களும் காத்துக் கிடந்தன. முன்பக்கச் சீலுக்கும் பின்பக்கச் சீலுக்கும் இடையிலுள்ள நாட்களை எண்ணினால் வாவியைக் கடந்த பாடு தெரியும். இதையெல்லாம் செய்தவரைத்தான் "முதியவர் ஒருவர்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இங்கிலாந்தில் 1921 முதல், முத்திரை ஆராய்ச்சிக்கு உழைத்தவர்களை அழைத்து ஓர் ஏட்டில் கையொப்பம் வைக்கச் சொல்லிக் கௌரவிக்கிறார்கள். முதற் கையொப்பம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருடையது. இளவரசராக இருந்தபோது, 1904 இல், மொரிசியசின் 2 பென்ஸ் முத்திரை ஒன்றுக்கு 1,450 பவுண் கொடுத்தவர் அவர். அப்பேர்ப்பட்ட ராசாவின் கையொப்பத்துக்குக் கீழே ஆராய்ச்சிக்காரர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பெயர்கள், ஐயா. அங்கே யாரும் "மற்றும் ஒருவர்" என்று எழுதி முடிக்கவில்லை.

நம்மவர்களுக்கு விலை ஒன்றுதான் தெரியும். 1859 இல் இலங்கையில் வந்த, இப்போது பெரிய விலை போகும் 4 பென்ஸ் மங்கல் ரோசா முத்திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். இல்லை என்றதும் தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போவார்கள். இலங்கையின் முதல் முத்திரை, 1857 ஏப்ரல் 1 இல் வந்தது, ஏன் 6 பென்ஸ் என்று எவரும் கேட்டதில்லை. இங்கிலாந்துக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்ப அதுதான் கட்டணம். அந்த முத்திரையை யாருக்காக அடித்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

தங்கள் பத்திரிகையை மட்டும் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்து உப தபாலகம் ஒன்றை இடம் மாற்றியபோது பழைய பதிவேடுகளையும் தேய்ந்த சீல் கட்டைகளையும் குப்பையோடு சேர்த்து எரித்தார்கள். மாஸ்டர் சைக்கிளில் போய்ச் சேருமுன் புகைதான் மிச்சம். உறைகளைப் பாதுகாக்கத் தருகிறேன் என்று அவர் கேட்ட நூலகம் ஒன்றில், பட்டியலில் சேர்க்க இவை புத்தகம் இல்லையே என்றார்கள். சுனாமியில் கரையோரத்து வீடுகளின் டிரங்குப் பெட்டிகளோடு போன கடிதங்களை யாரிடம் போய்க் கேட்பது? அது கடல் செய்த வேலை. நாம் செய்யும் வேலையைப் பாருங்கள். வெளிநாட்டுப் பிள்ளையிடமிருந்து வந்த கடிதத்தில் முத்திரை வடிவாக இருந்தால், உறையை உருவிச் சட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு முத்திரையை மட்டும் உரித்துக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போடுகிறார்கள். சீலில் பாதியும் விலாசம் முழுதும் அதோடு போய்விடும். மேளத்தைக் கிழித்துத் தோலைக் காயப்போடுகிற மாதிரி.

ஒக்டோபர் 9 உலக தபால் தினத்துக்கு ஆண்டு தவறாமல் சிவப்புப் பெட்டிப் படம் போடுகிறீர்கள். அதே பெட்டிதான், ஐயா, எனக்கு அதன் துருவும் மனப்பாடம். இந்த மாவட்டத்துத் தபாலைப் பற்றி இரண்டு தடவை எழுதி அனுப்பினேன். இடப்பற்றாக்குறையாக இருந்திருக்கும். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தபோது, இனி யார் கடிதம் போடப்போகிறார்கள் என்று சிரித்து ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துபோகிறார்கள் என்றால், எழுதியவற்றைக் காத்து வைத்தவர்களுக்கு மரியாதை கூட வேண்டாமா? எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு முத்திரை வந்தபோது எல்லாரும் கொண்டாடினோம், சரி. அந்த முத்திரை ஒட்டிய கடிதம் கிழக்கில் எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று தேடி வைத்திருப்பவர் மாஸ்டர் ஒருவர்தான், நான் அறிந்தவரை.

விழா ஏற்பாட்டாளர்களிடமும் கோபம் இருக்கிறது. மேடையில் அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாலை, பொன்னாடை, அடுத்தவர் வரவும். அதிதி பேசிய நேரத்தில் அவருடைய உறைகளில் பத்தையாவது சபைக்குக் காட்டியிருக்கலாம். அவர் ஒரு பையில் கொண்டுதான் வந்திருந்தார். திறக்கவே விடவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வரும் ஞாயிறு, மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்திலென்றாலும் பரவாயில்லை, மாஸ்டரின் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். தபால் வரலாற்று ஆய்வுக்காகக் கௌரவிக்கப்பட்டவர் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதலெழுத்து இரண்டு, இரண்டும் வரவேண்டும். இடம் போதாவிட்டால் அதிதியின் படத்தைக் கொஞ்சம் வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபால் அதிபர்,
களுவாஞ்சிகுடி.