மகதலா மரியாவுக்கு ஏன் இந்தப் பழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். இந்த முறை உயிர்த்த ஞாயிறு சிறப்பிதழில் ஒரு வரியை வாசிக்காமல் தாண்டிப் போனேன். 'விலைமாதாக இருந்து மனந்திரும்பிய மகதலா மரியா' என்று அச்சிட்டிருந்தீர்கள். என் அம்மாவின் ஞானஸ்நானப் பெயர் மதலேனம்மாள், அந்த மரியாவின் பெயர்தான்.

நீங்கள் அறியாததல்ல. லூக்கா நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் மகதலா மரியா ஏழு பேய்கள் நீங்கிச் சுகமானவர், அவ்வளவுதான். பேய் பிடித்தவர் நோயாளி, கெட்டவர் அல்ல என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் தெரியும். அதே இடத்தில், அவரும் மற்றப் பெண்களும் சொந்தப் பணத்தில் இயேசுவுக்குப் பணிவிடை செய்ததும் இருக்கிறது. முந்திய அதிகாரத்தில் இயேசுவின் பாதத்தில் அழுத பாவிப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. இருவரும் ஒருவரே என்று 591-இல் பிரசங்கித்தவர் பாப்பரசர் பெரிய கிரகோரியார். 1969-இல் திருச்சபையே அதைக் கைவிட்டது. 2016-இல் மரியாவுடைய நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு உரியதைப் போல விழாவாக உயர்த்தியது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, போய்ச் சொன்னவர் அவர்தானே!

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது எங்கள் தோட்டத்துக் கோயிலில் இயேசுவின் பாடுகளின் நாடகம் போட்டார்கள். அம்மாவின் பெயரைக் காரணம் சொல்லி, எனக்குச் சிவப்புச் சேலை கட்டி, தலையை விரித்துவிட்டு மகதலா மரியாவாக மேடையில் ஏற்றினார்கள். அப்புறம் பொடியன்கள் லயத்து வாசலில் நின்று கூப்பிட்ட பெயரை இங்கே எழுத முடியாது. அம்மா மறுநாளும் விடியற்காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர்.

நத்தார் வந்தால் 'மூன்று ராஜாக்கள்' என்று எழுதுகிறீர்கள். மத்தேயுவில் அவர்கள் ஞானிகள், எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை. அதைப் பற்றிப் போன வருடம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. சரி, ராஜாக்கள் மூன்று பேரானால் யாருக்கும் நஷ்டமில்லை. இது ஒரு பெண்ணின் மானம். மலையகப் பெண்கள் என்றால் கூடையோடு சிரிக்கும் படம் மட்டும் போடும் பேப்பரில், அந்தப் பெயருள்ள ஒருத்தியைப் பற்றி இப்படியும் வந்தால் எங்களுக்கு வலிக்காதா?

இரண்டு வரித் திருத்தம் போதும். ஜூலை 22 மகதலா மரியாவின் திருவிழா. அதற்கு முன் வந்தால் ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை.