பாடநூல் மாறுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சி.பி.எஸ்.இ. பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். நாட்டின் பள்ளிப் பாடத்திட்டத்தை யார், எப்படி, எவ்வளவு அவகாசம் கொடுத்து மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு சட்டம் இயற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

பெருந்தொற்றுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, 2022-இல், எங்கள் பள்ளிகளுக்கான பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பல வகுப்புகளின் புத்தகங்களிலிருந்து பாடங்களை நீக்கியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிம வரிசை அட்டவணையும் பரிணாமமும் போயின. உலோகங்களைப் பற்றிய பாடம் மட்டும் இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் தண்ணீர் பட்டதும் சீறி வினைபுரியும் என்று அதில் வருகிறது. "இரண்டும் ஏன் டீச்சர் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன?" என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். அந்த அட்டவணையின் முதல் தொகுதியில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் காட்டினால் பாதி விடை கிடைத்துவிடும். கேள்வி எழும் இடத்தைப் புத்தகத்தில் விட்டுவிட்டு, விடை இருக்கும் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடம் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். இருக்கிறது, வேதியியல் எடுப்பவர்களுக்கு. வணிகவியலோ வரலாறோ எடுக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு அறிவியல் முடிந்துவிடுகிறது. தனிமங்கள் ஏன் அப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறியாமலே அந்தப் பிள்ளை பள்ளியைவிட்டு வெளியேறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

2023-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் பரிணாமப் பாடத்தைத் திரும்பச் சேர்க்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். அரசியல் அறிவியல் பாடநூல்களுக்குத் தலைமை ஆலோசகர்களாக இருந்த சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் அந்நூல்களிலிருந்து தங்கள் பெயர்களை நீக்கிவிடச் சொன்னார்கள். அத்தனை பேர் குரல் கொடுத்தும், எந்தச் சட்ட விதி மீறப்பட்டது என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. மீறுவதற்கு அப்படியொரு விதியே இல்லை.

என்.சி.இ.ஆர்.டி. 1961-இல் ஒரு சங்கமாகப் பதிவுசெய்யப்பட்ட அமைப்பு. அதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பாடத்திட்டத்தை அரசு குறிப்பிடும் கல்வி அமைப்பு வகுக்கும் என்கிறது. குழந்தை அச்சமும் பதற்றமும் இன்றிப் படிக்க வேண்டும், இயன்றவரை தாய்மொழியில் படிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அருமையான வரிகள் அவை. ஆனால் பாடத்தை மாற்றும்போது யாரைக் கலந்து பேச வேண்டும், காரணத்தை வெளியிட வேண்டுமா, எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. தவிர, அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என் மாணவர்கள் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள்.

சட்டம் என்றதும் பாடங்களின் பட்டியலையே அதில் எழுதிவிடும் ஆசை வரக்கூடும். தயவுசெய்து அது வேண்டாம். இங்கிலாந்து 1988-இல் சட்டத்தின் மூலம் தேசியப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. பத்துப் பாடங்களுக்கும் எழுதிய விதிமுறைகள் ஆசிரியர்களால் தாங்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட, 1993-லேயே டியரிங் என்பவர் தலைமையில் மறுஆய்வு நடத்தி அவற்றைக் குறைக்க வேண்டியதாயிற்று. வேல்ஸ் 2021-இல் இயற்றிய சட்டமோ கல்வியின் நோக்கங்கள் நான்கையும் கற்றல் துறைகள் ஆறையும் வகுத்துவிட்டு, உள்ளே என்ன கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளிகளிடமே விட்டது. அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. எதைச் சட்டத்தில் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

நான் வேண்டுவது இவைதான். சேர்ப்பதோ நீக்குவதோ எதுவானாலும், அதன் வரைவு ஓராண்டுக்கு முன்பே அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளிவர வேண்டும். பரிந்துரைத்தவர்களின் பெயரும் அவர்கள் சொன்ன காரணமும் கூடவே வர வேண்டும். பரிந்துரைக்கும் குழுவில் பாதிப் பேராவது அந்த வகுப்பில் அந்தப் பாடத்தை இன்று நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களாக இருக்க வேண்டும். பள்ளி திறக்கும் நாளில் புத்தகம் பிள்ளைகளின் கையில் இல்லையென்றால் பழைய புத்தகமே தொடர வேண்டும். 2024-இல் ஆறாம் வகுப்பின் புதிய நூல்கள் கல்வியாண்டு தொடங்கிய பிறகே வந்தன என்பதை நீங்களும் அறிவீர்கள்.

1976-இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம், மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்த கல்வியை, மத்திய அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அந்த வலி இன்னும் ஆறாத மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். ஆகவே இந்தச் சட்டம் மத்திய அமைப்பைக் கட்டுப்படுத்துவதோடு நிற்கட்டும். மாநிலப் பாடநூல்களுக்கான நெறிமுறையை அந்தந்தச் சட்டமன்றங்கள் வகுத்துக்கொள்ளட்டும்.

அரசே கொண்டுவராவிட்டால் உங்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகவேனும் இதை அவையில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவின் கீழ் சில உட்பிரிவுகளைச் சேர்த்து, அதன் வரம்பைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டினாலே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை