மலைக் காப்பிக்கு ஒரு கிடங்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலுக்கடியில் ஒயின் பாட்டில்களை மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதனோடு வந்த படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலின் கழுத்துவரை கொட்டலசும் சிப்பியும் அப்பியிருந்தன. எங்கள் வீட்டில் மதுவைத் தொடுபவர் யாரும் இல்லை. ஆனால் விளைந்த பொருளைக் கெடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்குத் தெரியும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. மாமனார் காலமான பிறகு பதினாறு ஆண்டுகளாக நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

கட்டுரை இதைக் "கடலின் மாயம்" என்கிறது. அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொல்லி மேலும் தேடிப் படிக்கச் சொன்னேன். 2010-ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஆலந்து தீவுகளுக்கு அருகே பால்டிக் கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்களை எடுத்திருக்கிறார்கள். சுமார் 50 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 170 ஆண்டுகள் கிடந்தவை அவை. பிரான்சில் உள்ள ரைம்ஸ் பல்கலைக்கழகத்தினர் அவற்றை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் முகர்ந்தபோது நனைந்த முடியும் பாலாடைக்கட்டியும் கலந்த வாடை வந்ததாம். கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்டபின் புகையும் மசாலாவும் பதனிட்ட தோலும் மணத்தனவாம். எல்லா பாட்டிலும் தப்பவில்லை. தக்கை விட்டுப்போனவற்றில் கடல்நீர் புகுந்துவிட்டது. தப்பியவை தப்பியதற்குக் காரணம் அந்த ஆழத்தில் வெளிச்சம் இல்லை, தண்ணீரின் குளிர்ச்சி கூடிக் குறையாமல் 4 டிகிரியை ஒட்டியே நிற்கிறது என்பதுதான். இதில் மாயம் எங்கே வருகிறது? இருட்டும், நிலையான குளிர்ச்சியும், இறுக்கமான மூடியும் சேர்ந்த நல்ல கிடங்கு அது.

மகள் படித்துக் காட்டியதில் என் மனத்தில் நின்றது இத்தாலிக்காரர் ஒருவரின் கதை. அவர் பியரோ லுகானோ. நுரைக்கும் ஒயினை நெடுநாள் வைத்துப் பக்குவப்படுத்த அவரிடம் போதிய நிலவறை இல்லை. அதனால் 2009-இல் போர்ட்டோஃபினோ கடற்கரைக்கு அப்பால் 60 மீட்டர் ஆழத்தில் 6,500 பாட்டில்களை இறக்கிவிட்டார். அங்கே தண்ணீர் 15 டிகிரி. இடமில்லாத குறைதான் அவரைக் கடலுக்கு அனுப்பியது. அந்த இடத்தில் மகளை நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னேன். எங்களுக்கும் அதே குறைதான். இறக்கி வைக்கத்தான் எங்களிடம் கடல் இல்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். மார்கழியிலும் தையிலும் பழம் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைக்கிறோம். சாயங்காலம் குவித்து மூட வேண்டும், காலையில் பனி விலகிய பிறகு மறுபடி பரப்ப வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க மாமனார் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். மேலுறையை நகத்தால் உரித்துக் கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடிக்க வேண்டும். பல் தடம் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 'டக்'கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம். அப்போது கொட்டை நீலம் பாய்ந்த பச்சையாக இருக்கும். அந்த நிறத்தை ஆனி, ஆடி வரை காப்பாற்றுவதில்தான் எங்கள் விலை இருக்கிறது.

இங்கே ஆடி மாதத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவர் வியர்க்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை வரட்டும் என்று ஆறு மூட்டைகளை ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் அடுக்கி வைத்தேன். ஆவணியில் வியாபாரி வந்தார். மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். எதுவும் சொல்லாமல் என் உள்ளங்கையில் கொட்டினார். கொட்டை வெளுத்து உப்பியிருந்தது. ஆட்டு வாடையும் சாக்கு வாடையும் ஏறியிருந்தன. தையில் கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்தேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காப்பியை நானே குடித்திருக்க மாட்டேன்.

ஈரக்காற்றுப் பட்ட காப்பிக்கு மலபாரில் மட்டும் மதிப்பு எப்படி என்று சிலர் கேட்பார்கள். அது வேறு கதை. பாய்மரக் கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர ஆறு மாதம் ஆன காலத்தில், கடல் ஈரத்தில் கொட்டை ஊதிப் பொன்னிறமாகி, அந்த ருசிக்கு அங்குள்ளவர்கள் பழகிவிட்டார்கள். கப்பல்கள் வேகமான பிறகு அந்த ருசி வரவில்லை. ஆகவே மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்றுப் படும்படி கிடங்கில் பரப்பி, கிளறி, சாக்கு மாற்றி அதே ருசியைக் கொண்டுவருகிறார்கள். அதற்கென்று கட்டிய கிடங்கும், நாள்தோறும் பார்க்கும் ஆளும் அங்கே உண்டு. என் ஆட்டுக் கொட்டகையில் நடந்தது வெறும் கேடு.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சான்டா பார்பரா அருகே அனுமதி வாங்காமல் கடலில் இறக்கி விற்ற நிறுவனம் ஒன்றின் சுமார் 2,000 பாட்டில் ஒயினை 2023-இல் அதிகாரிகள் கொட்டி அழித்தார்கள். இதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது என் கோரிக்கை. சமவெளியில் மஞ்சள் விளைவிப்பவர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் மூட்டையை வைத்துவிட்டு விலைக்காகக் காத்திருக்கிறார். கிடங்கு ரசீதை வைத்துக் கடன் வாங்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள், இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் உட்பட, களத்திலிருந்தே விற்றுவிடுகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நாலு மூட்டையைக் கீழே கொண்டுபோனால் வண்டி வாடகைக்கே கட்டுப்படியாகாது. தரையிலிருந்து ஓரடி உயர்ந்த மரப்பலகைத் தளம், ஈரம் புகாத சுவர், ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று, மூட்டைக்கு ரசீது எழுதித் தர ஓர் ஆள். இத்தனை கொண்ட பொதுக் கிடங்கு ஒன்று ஏற்காட்டில் சிறு விவசாயிகளுக்கு வேண்டும். மிளகையும் அதிலேயே வைத்துக்கொள்வோம். அடுத்த பறிப்புக்கு முன் அரசு இதைச் செய்ய வேண்டும். உங்கள் நாளிதழ் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.

உங்கள் செய்தியாளர் வந்தால் எங்கள் வீட்டு முன்னறையைக் காட்டுகிறேன். இந்த ஆண்டு பதினோரு மூட்டைகளைப் பலகை போட்டு அங்கேதான் அடுக்கியிருக்கிறோம். மகள் ஊருக்கு வந்தால் சமையலறையில் படுத்துக்கொள்கிறாள். மழைநாளில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கரியடுப்பு மூட்டக் கூடாது, புகை ஏறிவிடும். அதனால் கதவைச் சாத்திவிட்டு, தினமும் இரவு ஒரு கொட்டையைக் கடித்துப் பார்க்கிறேன். நேற்று வரை உடைகிறது.

இப்படிக்கு,
சிறு காப்பி விவசாயி ஒருவர்,
நாகலூர், ஏற்காடு.