விண்ட்சர் உடம்பு, கிளீவ்லாண்ட் தலை

டேய் மாப்ளே,

திட்டாத. ஏழு மாசமா பதில் போடல, தப்புதான். நீ மூணு மெயில் அனுப்பி, கடைசில "உசுரோட இருக்கியா"ன்னு ஒத்த வரி போட்டிருந்த. இருக்கேன். வீட்ல எல்லாரும் சுகம், பொண்ணு காலேஜ் சேந்துட்டா, எனக்கு சுகர் வந்துருச்சு, சேதி அவ்ளோதான். மிச்ச வாழ்க்கையெல்லாம் கராஜ்ல.

அந்தப் பழைய பைக் கூத்து மாதிரி மறுபடியும் ஒரு ராஜ்தூத் பண்ணிட்டேன்டா.

சிரிச்சு முடிச்சிட்டு படி. கோப்ரா காரை வீட்லயே பூட்டிக்கற கிட் வாங்கினேன்னு சொன்னேன்ல, சேஸி, பைபர் பாடி, பிரேக் லைன் எல்லாம் ரெடி. புத்தியுள்ளவன் ஒரு 351 க்யூபிக் இன்ச் விண்ட்சர் இஞ்சினை முழுசா வாங்கி இறக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பான். நான் விண்ட்சர் பிளாக்கு (சிலிண்டர் இருக்கற உடம்பு) மேல கிளீவ்லாண்ட் இஞ்சினோட ஹெட்ட (வால்வு இருக்கற தலை) வெக்கறேன்னு கிளம்பினேன். ரெண்டும் ஃபோர்ட், ரெண்டுக்கும் சிலிண்டர் விட்டம் (போர்) 4 இன்ச், பிஸ்டன் ஓட்டம் (ஸ்ட்ரோக்) 3.5 இன்ச், ஆனா ரெண்டும் பங்காளிங்க, பேசிக்க மாட்டாங்க. செஞ்ச ஊர் பேரையே இஞ்சினுக்கும் சொல்றாங்க, கிளீவ்லாண்ட் ஒஹையோல இருக்கு, விண்ட்சர் இங்க டெட்ராய்ட்ல இருந்து பாத்தா ஆத்துக்கு அந்தாண்ட, கனடா, அதுவும் எங்களுக்குத் தெக்கால! பத்தாவதுல இப்படி எழுதியிருந்தா ஜியாகரபி மிஸ் முட்டி போட வெச்சிருப்பாங்க.

ஏன் இந்த வேலைன்னு கேப்ப. விண்ட்சர் ஹெட்ல வால்வெல்லாம் வரிசையா ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்கும், கிளீவ்லாண்ட்ல சாஞ்சு நிக்கும், அதனால பெரிய வால்வு வெக்கலாம், காத்து தாராளமா போகும். நான் கண்டுபிடிச்சது இல்ல, 1969-ல ஃபோர்டே பண்ணினாங்க, ட்ரான்ஸ்-ஆம் ரேஸுக்கு 5 லிட்டர்க்குள்ள இஞ்சின் வேணும்னு 302 பிளாக்ல இந்த சாஞ்ச வால்வு ஹெட்ட மாட்டினதுதான் பாஸ் 302. அவ்ளோ ஏன், 1962-ல ஷெல்பி கோப்ரா பண்ணினதே இங்கிலீஷ்காரன் ஏசி காருக்குள்ள ஃபோர்ட் வி8-ஐ திணிச்சுத்தானே. இதையெல்லாம் வீட்டம்மாகிட்ட சொன்னேன். "அவங்களுக்கு சம்பளம் குடுத்தாங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

போல்ட்டு ஓட்டை அப்படியே ஒக்காருது. தண்ணிதான் வம்பு. கிளீவ்லாண்ட்ல ஹெட்டுத் தண்ணி திரும்ப பிளாக்குக்குள்ள எறங்கி முன்பக்கமா வெளிய போகும், மேனிஃபோல்டு, அதான் ஹெட்டுக்குக் காத்து போற குழாய்க்கூடு, காஞ்சு கெடக்கும். விண்ட்சர்ல மேனிஃபோல்டு வழியாத்தான் தெர்மோஸ்டாட்டுக்குப் போகணும். அதனால ஹெட்டோட அடிமூஞ்சில இருக்கற தண்ணி ஓட்டைய அடைச்சு, மேனிஃபோல்டு பக்கம் புதுசா ஓட்டை போடணும். விண்ட்சர் பிளாக்கு 0.3 இன்ச் உயரம் வேற, ரெண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவுல இருக்கற வி ரெண்டு பக்கமும் அகண்டுடும், கிளீவ்லாண்ட் மேனிஃபோல்டு நடுவுல குட்டையா தொங்கும், அதுக்குத் தனி மேனிஃபோல்டு. வால்வ தொறக்கத் தள்ளற கம்பி, புஷ்ராடு, தனி நீளம். விண்ட்சர் பிஸ்டன்ல வால்வுக்கு வெட்டியிருக்கற குழி நேரா இருக்கும், வால்வோ சாஞ்சு வரும், அப்ப பிஸ்டனும் வேற. கிட்ல வந்த எக்ஸாஸ்ட் பைப்பு சேராது. கடைசில பாத்தா விண்ட்சர்ல பிளாக்கும் கிராங்க்கும்தான் மிச்சம்.

இதெல்லாம் சமாளிச்சேன்டா. நான் மாட்டிக்கிட்டது ஹெட்டுல.

ஆஸ்திரேலியால 302 கிளீவ்லாண்டுன்னு ஒண்ணு போட்டாங்க, அதோட ஹெட்டுக்கு மவுசு ஜாஸ்தி, பெட்ரோல் எரியற குழி, சேம்பர், சின்னது, மூடினது, அதனால காத்த நசுக்கற அளவு, கம்ப்ரஷன், ஏறும். பழைய பார்ட்ஸ் சந்தைல ஒரு பெரியவர் ஜோடியா வெச்சிருந்தார், ரெண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி வெச்சு ஸ்ட்ராப் போட்டுக் கட்டி. மேல இருந்தத மட்டும் தூக்கிப் பாத்தேன், சுத்த ஆஸ்திரேலியா. பணம் குடுத்துட்டேன். வீட்ல வந்து கழுவி, அக்ரிலிக் தகட்ட கிரீஸ் வெச்சு ஒட்டி, ப்யூரெட்ல கலர் ஸ்பிரிட் விட்டு அளந்தேன், மொதல் ஹெட்டு 58 சிசி. ரெண்டாவதுல ஊத்தறேன் ஊத்தறேன் போய்க்கிட்டே இருக்கு, 76! கீழ இருந்தது அமெரிக்கா ஹெட்டு, தொறந்த சேம்பர். வெளிய பாத்தா ரெட்டப்புள்ளைங்க. மாட்டியிருந்தா ஒரு பக்கம் கம்ப்ரஷன் பத்தே முக்கால், இன்னொரு பக்கம் ஒம்போது கூட தேறாது. மிஸ்மேட்சுக்குள்ளயே மிஸ்மேட்ச். நம்ம லேத் வாத்தியார் இருந்திருந்தா "அளக்காம காசு குடுத்தியா"ன்னு ஒரே ஒரு பார்வை பாத்திருப்பார்.

சரியான இன்னொரு ஹெட்டு கெடைக்க அஞ்சு மாசம் ஆச்சு. அதுதான் நான் பதில் போடாத கதை. அதையும் அளந்தேன், 54. யாரோ முன்னாடியே 20 தௌ (ஒரு தௌ-ன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சீவி ஸ்கிம் பண்ணியிருக்கான். லேசான ஸ்பிரிங் போட்டு, பிஸ்டன் மேல களிமண் வெச்சு, கையால ரெண்டு சுத்து சுத்தி, கழட்டி வெட்டிப் பாத்தா, ஒரு பக்கம் இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் 83 தௌ, இன்னொரு பக்கம் 64. 80-க்குக் கீழ போகக்கூடாதுன்னு உனக்கே தெரியும்.

இப்பத்தான் உன்னக் கேக்க வந்த விஷயம். அந்தப் பக்கம் மட்டும் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 20 தௌ தடிமன் ஜாஸ்தியா ஒரு கேஸ்கெட் போட்டா கணக்கு என்னமா ஒக்காருது தெரியுமா, 4 இன்ச் போருக்கு 20 தௌ-ன்னா கிட்டத்தட்ட 4 சிசி, 54 மறுபடி 58 ஆயிடும், வால்வு கேப்பும் 84 ஆயிடும், மேனிஃபோல்டு கூட பழைய உயரத்துக்கு வந்துரும். பேப்பர்ல பாத்தா அழகு. ஆனா பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டோட தட்டை பாகத்துக்கும் நடுவுல கேப் 40-ல இருந்து 60 ஆயிடுமே, மூடின சேம்பர் வாங்கினதே அந்த நசுக்கலுக்காகத்தானே, அந்த நாலு சிலிண்டர் மட்டும் கண்டபடி பத்திக்கிட்டு தட்ட ஆரம்பிச்சா? இல்லன்னா பிஸ்டன வெளிய எடுத்து குழிய இன்னும் 20 தௌ ஆழப்படுத்தணும், முழுசா பிரிக்கணும், ரெண்டு மாசம் போயிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் படுத்துக்கிட்டு தௌ எண்ணறேன்டா.

அப்பறம் ஒண்ணு. சிலிண்டர் குடையற போரிங் மிஷின குடுத்துடப் போறேன்னு ஒத்த வரில எழுதிட்டு அடுத்த வரில மழையப் பத்தி எழுதியிருக்க. படிச்சிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதத் தோணல, அதுவும் ஒரு காரணம்னு வெச்சுக்கோ. வேலை வரலன்னு தெரியுது, ரீபோருக்கு இப்ப யாரு வர்றா. விக்காதன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, வாடகை கட்டறது நீ. ஆனா அப்பா டயல் கேஜ பெட்டியோட சேத்து யாருக்கும் குடுத்துடாத. அது எனக்கு வேணும், காசு என்னன்னு சொல்லு.

கேஸ்கெட்டா, பிரிக்கவா? ராஜ்தூத்ல ரெண்டு கேஸ்கெட் போட்டது யாரு ஐடியான்னு மறுபடி ஆரம்பிக்காத, உன் ஐடியாதான். சனிக்கெழம உங்க சாயங்காலத்துக்குக் கூப்பிடறேன், ஃபோன எடு. அதுவரைக்கும் ஹெட்டு பெஞ்சு மேலயே கெடக்கட்டும்.

மோட்டார்

பி.கு: கிளீவ்லாண்ட் ஹெட்ல 2வி, 4வி-ன்னு போடறது கார்ப்ரேட்டர் வெஞ்சுரி எண்ணிக்கை, வால்வு இல்ல. குண்டன்கிட்ட சொல்லிடு, 4வி-ன்னா நாலு வால்வுன்னு பெட்டு கட்டி தோத்துட்டான், பிரியாணி பாக்கி இருக்கு.